பெட்டிக் குறி போட்ட ஏழு மாடுகள்

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. மனிதர் கையால் கீறக்கூடிய எந்த அடையாளத்தையும் நான் விசைப்பலகையில் கொண்டுவந்துவிடுவேன் என்பதுதான் அது. அந்த நினைப்புக்கு விலை கொடுத்தவை ஒரு பெண்ணின் ஏழு மாடுகள். சிரிக்கும்படியான கதைதான் இது. மாடுகளைக் கேட்டால் அவை வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

களுவாஞ்சிக்குடியில் பிரதேச செயலகத்துக்குப் போகும் வழியில் ஒரு கொமினிகேஷன் கடையில் அப்போது வேலை செய்தேன். பெயர்தான் கொமினிகேஷன். தொலைபேசி வயர் எப்போதோ அறுந்துபோய், கடை போட்டோக் கொப்பியிலும் கணினித் தட்டச்சிலும்தான் ஓடியது. சண்டைக் காலத்தில் பசி இல்லாத மனிதரைக்கூடக் காணலாம், படிவம் இல்லாத மனிதரைக் காண முடியாது. தொலைந்த அடையாள அட்டைக்கு ஒரு படிவம், விழுந்த வீட்டுக்கு ஒரு படிவம், ஓரிடம் போய்வர ஒரு படிவம். காலை எட்டு மணிக்கே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். மின்சாரம் இருக்கும்போது அவர்களுக்கு அடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாதபோது அவர்களுடைய கதையைக் கேட்க வேண்டும்.

எழுத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை, கை தானாக ஓடும். அடையாளங்கள்தான் உயிரை எடுத்தன. காணி உறுதிக்கு அரையும் காலும் முக்காலும் வேண்டும். நில அளவைக்காரருக்குப் பாகை அடையாளம் வேண்டும். வேதக்காரரின் மரண அறிவித்தலுக்குச் சிலுவை வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடையாளங்கள் கொட்டிக் கிடக்கும் அட்டவணையைத் திறந்து, தூசி பிடித்த மவுஸை உருட்டி உருட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போலத் தேடவேண்டும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பத்து மாதம்கூடப் பொறுக்காமல் எட்டிலேயே வந்தவள் என்று அம்மா சொல்வார்.

அப்படி ஒருநாள் கோபத்தில் கணினியை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோப்பைக் கண்டேன். எங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்குள் சாதுவாக ஒளிந்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் நாம் தட்டும் விசைகள், வலப்பக்கம் அதற்கு வரவேண்டிய அடையாளம். இந்த விசைகளை இந்த வரிசையில் தட்டினால் இந்த அடையாளம் வரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால், அது வந்து நிற்கும். வாழ்க்கையில் முதல்முறையாக என் சொல்லை ஒன்று கேட்டது.

விசைப்பலகையின் இடது மேல் மூலையில் யாரும் தொடாத விசை ஒன்று இருக்கும். அதை முதலில் தட்டிவிட்டு ஒரு சொல்லை அடிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பாகை அடையாளத்துக்கு ‘மாமா’. என் தாய்மாமா எந்த நாளும் காய்ச்சல் என்று படுத்திருந்தவர். அரைக்குச் ‘சீனி’, ஏனென்றால் முதலாளி தேநீருக்கு அரைக் கரண்டிக்கு மேல் சீனி தரமாட்டார். சிலுவைக்கு ‘டீச்சர்’, கழுத்தில் எப்போதும் சிலுவை போட்டிருந்த என் பள்ளிக்கூட டீச்சர். தொலைபேசி அடையாளத்துக்கு ‘மச்சாள்’, அதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டே மாதத்தில் இரண்டு பக்கத்துக்கு இப்படிச் சொற்கள் சேர்ந்துவிட்டன. எனக்கு மட்டும் புரியும் ஒரு பாஷை.

“தங்கச்சி, நீ ஒருநாள் வராட்டி இந்தக் கடை ஊமையாகிடும் போல,” என்றார் முதலாளி.

“அதுக்குத்தானே அண்ண அப்பிடி வெச்சிரிக்கன்,” என்றேன்.

அந்த வருடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், செல்லடிக்கு ஓடி முகாம்களில் இருந்த சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஓடும்போது மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். கட்டிவைத்துவிட்டு ஓட யாருக்கு மனம் வரும்? அவை காட்டிலும் வயல் வட்டையிலும் திரிந்தன. பிறகு பிரதேச செயலகத்தார் அகப்பட்டவற்றையெல்லாம் பிடித்து, வேலி அடித்த ஒரு வெளியில் அடைத்தார்கள். உரியவர்கள் நிரூபித்துக் கொண்டுபோகலாம், தவணைக்குள் ஆள் வராத மாடு ஏலத்துக்குப் போகும், தவணை முடிந்தால் கொடுத்தது கொடுத்ததுதான் என்று அறிவித்தல் வந்தது.

மாட்டை எப்படி நிரூபிப்பது? சுட்ட குறியால்தான். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு இரண்டு குறி சுடுவார்கள். ஒன்று தாய்வழியில் வரும் குடியின் குறி. அது ஊரில் பாதிப் பேருக்கு ஒன்றாகவே இருக்கும். மற்றது சொந்தக்காரரின் தனிக்குறி. அலுவலகம் கேட்டது இந்தத் தனிக்குறியை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கையால் கீறக் கூடாது, கணினியில் பதித்து, அச்சுப் பிரதியும் சீடீயும் தரவேண்டும் என்று அங்கே எழுத்து வேலை பார்த்த இலிகிதர் ஒற்றைக் காலில் நின்றார். காரணம் இல்லாமல் இல்லை. முதலில் கையால் கீறி வந்த ஒரு பிறைக் குறிக்கு யாரோ பேனையால் இரண்டு கோடு கூட்டி, பிறையை வில்லும் அம்பும் ஆக்கிவிட்டார்களாம். அந்தப் பசு இன்னொருவர் வீட்டில் நிம்மதியாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

மற்றத் தட்டச்சுக் கடைகள் கையை விரித்தன. சூலத்தையும் பிறையையும் எந்த விசையில் அடிப்பது? நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நகரத்தில் படித்த ஒரு சிநேகிதி சீடீயில் தந்த எழுத்துரு ஒன்று என்னிடம் இருந்தது. எந்தெந்த நாட்டிலோ எந்தெந்தக் காலத்திலோ எழுதப்பட்டுச் செத்துப்போன எழுத்துகளெல்லாம் அதற்குள் கிடந்தன. பெரிய அறிஞர்கள் அவற்றைப் பார்த்து என்ன நினைப்பார்களோ தெரியாது, எனக்கு எங்கள் ஊர் மாடுகளின் பின்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. சூலம் இருந்தது, கொக்கி இருந்தது, வால் வைத்த வட்டம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்தேன். சூலத்துக்குக் ‘காளி’, கொக்கிக்கு ‘மீன்’.

மாட்டுக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையை உற்றுப் பார்ப்பார்கள்.

“புள்ள, எங்கட குறியில வால் இன்னும் கொஞ்சம் மேல போகணும்,” என்றார் ஒரு பெரியவர்.

“பெரியப்பா, இது கம்பியூட்டர். வாலெல்லாம் இழுக்க ஏலாது.”

“உசிருள்ள மாட்டிட வாலையே இழுத்திரிக்கன். இத இழுக்க ஏலாதா?”

வேறொரு அடையாளத்தைத் தேடிக் கொடுத்தேன். அதில் வால் மேலே போனது. அவர் இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, மாடு வாங்க வந்தவர் போல் பார்த்துவிட்டு, “ஓம், இது நம்மட சாமான்,” என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கு அதைவிடப் புரியவில்லை. ‘மாட்டுக் குறி இங்கே போடப்படும்’ என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி வெளியே வைத்தார். மறுநாள் ஒருவர் கயிற்றில் ஒரு கன்றை இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் வந்துவிட்டார். நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் கன்று யாருடையதோ பிறப்புச் சான்றிதழின் இரண்டு பிரதிகளைத் தின்றுவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் அக்கா வந்தார். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். விடியற்காலைப் பாதையில் ஏறி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஏழு மாடு, எல்லாம் அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்த மாட்டின் வழி வந்தவை. தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அவரும் இரண்டு மகள்மாரும் சாப்பிட்டார்கள்.

“புருசன் இல்லையா கா?” என்று படிவத்துக்காகக் கேட்டேன்.

“அவர் தானாப் போனவர். மாடு நான் அவிட்டு விட்டுத்தான் போனது,” என்றார். “அவர் வராட்டிப் பரவாயில்ல. அதுகள் ஏழும் வராட்டி என்ட அடுப்பு எரியாது புள்ள.”

“குறி என்ன?”

“பெட்டி.”

விரலால் மேசையில் கீறிக் காட்டினார். நாலு கோடு, ஒரு சதுரம், அவ்வளவுதான். எத்தனையோ செத்த எழுத்துகளைத் தோண்டிக்கொண்டிருந்த எனக்கு அது பிச்சைக்காசு மாதிரி இருந்தது. ‘அக்கா’ என்றே அதற்கும் ஒரு சொல் வைத்து, மூலை விசையோடு தட்டினேன். வெறும் சதுரம் ஒன்று வந்து கட்டத்துக்குள் உட்கார்ந்தது. அக்காவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

“மத்தவங்களுக்கெல்லாம் அரை மணித்தியாலம் தேடினாய். எனக்கு இவ்வளவுதானா?”

“உங்கட குறியிலதான் கா ஒரு பிழையும் வராது,” என்றேன்.

நாற்பத்து மூன்று பேருடைய பட்டியலையும் முடித்து, அச்சுப் பிரதிகளையும் சீடீயையும் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். மாடு கொடுக்கும் நாள் வந்தது. அன்றைக்கும் நாலு காசு பார்க்கலாம் என்று முதலாளி வெற்றுப் படிவங்களைக் கொடுத்து என்னை அந்த வெளிக்கு அனுப்பினார். பாதைத் துறையில் இருந்த காவலரணில் ஒரு சிப்பாய் என் பையைக் கிளறினான். படிவங்களுக்கு நடுவில் என்னுடைய விசைத் தாள் இருந்தது. ஒரு பக்கம் மாமா, சீனி, காளி, மீன் என்று சொற்கள், எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு விசித்திரமான கீறல். ஆளைப் பிடித்துக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல கடதாசியை நானே யோசித்தாலும் செய்திருக்க முடியாது.

“மொகக்த மே?” என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்பது தெரியும். அதற்குமேல் என் சிங்களம் ஒரே ஒரு சொல்தான்.

“ஹரக்,” என்றேன். மாடு. அவன் முகம் மாறவில்லை. இதைவிடச் சின்னக் காரணங்களுக்குப் போனவர்கள் திரும்பாத காலம் அது. வேறு வழி தெரியாமல் என் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து வைப்பது போலக் காட்டி, “ஸ்ஸ்ஸ்” என்று வாயால் சுட்டேன். பிறகு “ம்மா” என்று கத்தினேன். என்னோடு பாதையில் வந்த முழுச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. சிப்பாய் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான். மறுபடி செய்யச் சொல்லிச் சைகை காட்டினான். செய்தேன். இருவரும் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்கள். மானம் போனாலும் ஆள் மிஞ்சினேன்.

வெளியில் ஒரு மருதமரத்தடியில் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி நின்றது. அதன்மேல் நாற்காலி போட்டு இலிகிதர் பட்டியலோடு இருந்தார். அந்த மனிதருக்கு மாடு என்றால் பயம். கீழே இறங்கமாட்டார். அவர் குறியை வாசிக்க, கீழே நின்ற தொழிலாளிகள் மாட்டைத் தேடிப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வரிசையில் முதலாவது ஒரு போடியார், இருநூறு ஏக்கர் வயல்காரர், பின்னால் குடை பிடிக்க ஆள். எட்டு மாடு கேட்டிருந்தார். அவருடைய குறி சூலம். நானே ‘காளி’ தட்டிப் போட்டது.

“போடியார், உங்கட குறி பெட்டி,” என்றார் இலிகிதர்.

“என்ன பெட்டி? சூலம்.”

“பட்டியல்ல பெட்டிதான் இரிக்கு.”

போடியார் எதிர்த்தார். சூலம், காளி கோயில், பாட்டன் முப்பாட்டன் என்று சத்தம் போட்டார். அதற்குள் தொழிலாளிகள், “பெட்டிக் குறியில ஏழு மாடு நிக்குது,” என்று கத்தினார்கள். போடியார் திரும்பி அந்த ஏழையும் பார்த்தார். நல்ல கறவை மாடுகள். தொண்டையைச் செருமினார்.

“அரசாங்கம் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்,” என்றார். “ஆனா ஒண்டு குறையுது.”

கையெழுத்துப் போட்டு ஏழையும் ஓட்டிக்கொண்டு போனார். எட்டாவதைக் கேட்டு ஒரு முறைப்பாடும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆள் வந்தார். அவருக்கும் பெட்டி. மூன்றாவது ஆளுக்கும் பெட்டி. நான் மெல்லப் போய் இலிகிதரின் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பெயர், நாற்பத்து மூன்று சதுரம். தன்னிடம் இல்லாத எழுத்துருவில் ஒரு எழுத்து வந்தால், கணினி அதற்குப் பதிலாக ஒரு வெறும் சதுரத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அவர்கள் என் சீடீயைத் திறந்து அதிலிருந்து பட்டியலை அச்செடுத்திருக்கிறார்கள். என் சிநேகிதி தந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அதைச் சீடீயில் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பத்து மணிக்குள் அந்த வெளி சந்தையாகிவிட்டது. “எனக்குப் பெட்டி இல்ல!” என்று நாற்பது பேர் கத்தினார்கள். அந்த நேரத்தில்தான் தாமதித்த பாதையில் வந்து அக்கா வரிசையைப் பிடித்தார்.

“என்ட குறி பெட்டி சேர்,” என்றார்.

இலிகிதர் தலையில் கைவைத்தார். “அம்மா, இஞ்ச எல்லாருக்கும் பெட்டிதான்.”

“எனக்கு உண்மையாவே பெட்டி.”

சனம் சிரித்தது. அக்கா சுற்றிப் பார்த்தார். என்னைத் தேடுகிறார் என்பது தெரிந்தது. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். முன்னால் போய், பிழை என்னுடையது, இந்த ஒரு பெட்டி மட்டும் உண்மை, போடியார் இன்னும் தூரம் போயிருக்கமாட்டார், மறியுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். நாற்பது பேருடைய முகத்தைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். பிறகு இலிகிதர் என்னைக் கண்டு கேட்டபோது, “உங்கட கம்பியூட்டர்லதான் பிழை சேர்,” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மறுநாள் அலுமாரியில் இருந்த அச்சுப் பிரதிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் குறிகளெல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொருவராக வந்து சூலத்தையும் கொக்கியையும் காட்டி மாட்டைக் கொண்டுபோனார்கள். போடியாரும் வந்து தன் உண்மையான எட்டு மாட்டையும் கொண்டுபோனார். முன்பு கொண்டுபோன ஏழைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அக்கா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டதற்கு, “எனக்குக் கையெழுத்து வாங்கித் தந்த மாடு. இலிகிதர்ட கடிதம் கொண்டு வா,” என்றாராம்.

இலிகிதர் அக்காவின் அச்சுப் பிரதியைப் பார்த்தார். அதிலும் பெட்டி.

“இது இன்னும் சரிவரல்ல,” என்றார். “திருத்திக் கொண்டு வாங்க.”

அக்கா கடைக்கு வந்தார். நான் மறுபடி அச்செடுத்துக் கொடுத்தேன். இலிகிதர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பெட்டிதான் வருது,” என்றார். கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தேன். “இப்ப பெரிய பெட்டி வருது,” என்றார். கோட்டைத் தடிப்பாக்கினேன். சதுரத்துக்குப் பக்கத்தில் ‘சதுரம்’ என்று எழுத்திலும் போட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அந்த மனிதர் பெட்டியைக் கண்டாலே பேனையை மூடிவிடுவார். பெட்டி என்று ஒரு குறியே கிடையாது, அது கணினி போட்டது, தொழிலாளிகள் போடியாருக்குப் பயந்து கண்ட ஏழைப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள் என்பது அவருடைய முடிவு.

“பேசாம வேற ஒரு குறி போட்டுத் தரட்டா கா?” என்று அவர் நாலாம் தடவை வந்தபோது கேட்டேன். “நடுவில ஒரு புள்ளி வெச்சா அவர் கையெழுத்துப் போட்டிருவார்.”

“மாட்டில புள்ளி இல்லையே.”

“மாட்ட ஆர் பாக்கிறது? அவர் கிட்டயே போகமாட்டார்.”

“நான் பாப்பன்,” என்றார் அக்கா. “ஒங்கட கம்பியூட்டர்ப் பெட்டிக்குள்ள என்ன வேணுமெண்டாலும் அடி. என்ட மாட்டில இல்லாதத அடிச்சி நான் மாடு கேக்க மாட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. அக்காமீது வந்த கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்று பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். தவணை முடிய இரண்டு நாள் இருந்தது.

“சேர், ஒருக்கா வந்து மாட்டப் பாருங்க,” என்றேன்.

“நான் ஏன் வரோணும்? பிழை ஆரிட எண்டு ஃபைல்ல என்ன எழுதுறது? எங்கட பக்கம் பிழை எண்டு நான் எழுதேலாது. உங்கட கடை எழுதித் தந்தா வாறன்.”

முதலாளி கடை முத்திரையைத் தரமாட்டேன் என்றார். அலுவலகக் கணினியில்தான் பிழை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். “நீ எழுதினா நாளைக்கு வேலைக்கு வராத,” என்றார். நான் முத்திரை இல்லாமலேயே எழுதினேன். எழுத்துரு இல்லாமல் சீடீ கொடுத்தது என் பிழை, பதினேழாம் வரியில் உள்ள பெட்டி மட்டும் உண்மையான பெட்டி என்று எழுதி, என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். வேலை போனது. பத்தாம் நாள் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்து, பாகை எந்த விசையில் இருக்கிறது என்று கேட்டார். அது பிறகு நடந்தது.

மறுநாள் காலை நான், அக்கா, இலிகிதர் மூவரும் போடியாரின் மாட்டுப் பட்டிக்குப் போனோம். இலிகிதர் பத்து முழம் தள்ளி நின்று குடையை மடக்கிக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையில் இருந்த ஃபைலைப் பிடித்து இழுத்தேன். ஃபைலை விடமாட்டாமல் அவரும் கூடவே வந்தார். முதலில் நின்றது செவலைப் பசு. அதன் தொடையில் பழைய தழும்பு, சுற்றி மயிர் வளர்ந்து, மாடு வளர்ந்ததில் ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டு, நாலு கோடு.

இலிகிதர் குனிந்து பார்த்தார். என் கடிதத்தைப் பார்த்தார். மறுபடி மாட்டைப் பார்த்தார்.

“இஞ்சயும் பெட்டிதான் வருது,” என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. பட்டியில் நின்ற மாடு மேய்ப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே மாட்டின் மறுபக்கம் போனேன்.

அங்கே சூலம் இருந்தது. புதுச் சூலம். தோல் உரிந்து, ஓரமெல்லாம் நீர் வடிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மாட்டுக்குப் போனேன், அதிலும் சூலம். ஏழு மாட்டிலும் சூலம்.

“என்ட கைக்கு வந்த மாட்டுக்குக் குறி சுடாம விடேலுமா?” என்றார் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த போடியார். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. பட்டியலில் இருந்தது, தந்தார்கள், எடுத்தேன் என்பதுதான் அவர் நியாயம். “மூண்டாம் நாளே சுட்டாச்சு. இப்ப இல்லையெண்டா ஓட்டிட்டுப் போகட்டும்.”

மூன்றாம் நாள். நான் கடையில் மின்விசிறியின் கீழ் இருந்து பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த நாள். என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

இலிகிதர் கையெழுத்துப் போட்டார். அக்கா ஏழையும் அவிழ்த்தார். வாவிக் கரையோரமாக அவருடைய வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். போனதும் மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து, ஒரு சிரட்டையில் விட்டு என் கையில் தந்தார். நான் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் புண்ணில் பூசினார். இரண்டாம் தடவை தொட்டபோது செவலை காலைத் தூக்கி உதைத்தது. அக்காவுக்குப் படவில்லை. என் முழங்காலில் பட்டு, நான் சாணத்துக்குள் இருந்தேன்.

“அவ ஆளறிஞ்சிதான் உதைச்சிரிக்கா,” என்றார் அக்கா.

எழும்ப முயலவில்லை. முழங்கால் வலித்தது. அதைவிட வேறொன்று வலித்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, அண்டைக்கு அந்த வெளியில வெச்சே எனக்குத் தெரியும். பட்டியலக் கண்டதுமே விளங்கிட்டு. அப்பவே நான் சொல்லியிருந்தா இதுகளச் சுட்டிருக்க மாட்டாங்க.”

அக்கா செவலையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

“தெரியும் புள்ள,” என்றார். “நீ முகத்தத் திருப்பிட்டு மரத்துக்குப் பின்னால போனத நான் கண்டன்.”

அவர் குனிந்து சிரட்டையை எடுத்து, சிந்தாமல் மிஞ்சிய எண்ணெயைப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

“இந்தா, எழும்பிப் பிடி,” என்றார். இன்னும் ஆறு மாடு இருந்தது.